மதிப்பெண்ணும் மருட்கையும்: பிரித்தானியத் தொலைக்காட்சி நடனப் போட்டியில் பார்வையாளர் தீர்ப்பு

முன்னுரை

ஆடத் தெரியாத ஒருவர் ஆடுகிறார். ஆடல் அறிந்த நால்வர் அவருக்கு மதிப்பெண் இடுகின்றனர். ஆடத் தெரியாத பல இலட்சம் பேர் அம்மதிப்பெண்ணைக் கண்ட பிறகும் தம் உள்ளம் சொன்னவாறு வாக்களிக்கின்றனர். 2004 மே மாதத்தில் பிபிசி தொடங்கிய ‘ஸ்டிரிக்ட்லி கம் டான்சிங்’ என்னும் நிகழ்ச்சியின் சுருக்கம் இதுவே. இந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதும் பிரித்தானிய விமர்சகர்கள் பலர் பார்வையாளர் வாக்கை ஆடற்கலைக்குப் புறம்பானதாகவே கருதுகின்றனர். நடுவர் கலையை அளக்கின்றனர், மக்களோ தமக்குப் பிடித்த முகத்தைத் தேர்கின்றனர் என்பது அவர்களுடைய கட்சி.

அக்கட்சி முழுமையானது அன்று என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. பார்வையாளரும் ஆடலைத்தான் மதிப்பிடுகின்றனர். ஆனால் அவர்கள் அளக்கும் பொருள் வேறு, அளவுகோலும் வேறு. அந்த அளவுகோலுக்குப் பெயரிடத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்குத் துணை செய்கிறது. மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பாவுக்குப் பொருள் கூறும் உரைமரபு, அரசர் முதலியோர் ஆடலும் பாடலும் கண்டு மகிழும் களத்தையே சுவைக்குரிய இடமாகக் காட்டுகிறது. ஆதலின் ஆடல் காண்போரின் உள்ளத்தை ஆராய அவ்வியலைப் பயன்கொள்வது வலிந்து பொருத்துவது ஆகாது.

போட்டியின் அமைப்பு

பிபிசி 1950 முதல் 1998 வரை ‘கம் டான்சிங்’ என்ற பால்ரூம் நடனப் போட்டியை ஒளிபரப்பியது. அதில் ஆடியோர் பயிற்சி பெற்ற நடனக்காரர். அப்பெயரோடு ‘ஸ்டிரிக்ட்லி பால்ரூம்’ என்ற 1992ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் திரைப்படத்தின் பெயரை இணைத்தே இன்றைய நிகழ்ச்சிக்குப் பெயர் சூட்டினர். பழைய போட்டிக்கும் புதியதற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. இப்போது நடிகர், விளையாட்டு வீரர், செய்தியாளர், அரசியலாளர் எனப் பிற துறைகளில் பெயர் பெற்றோர் தொழில்முறை நடனக்காரர் ஒருவரோடு இணைந்து ஆடுகின்றனர். வாரந்தோறும் வால்ட்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட், சா சா சா, பாசோ டோப்ளே என ஒரு புதிய ஆடலைக் கற்று மேடையேறுகின்றனர். இவ்வமைப்பு ‘டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்’ என்ற பெயரில் 60க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றது. இந்தியாவில் அது ‘ஜலக் திக்லா ஜா’ ஆயிற்று.

நடுவர் நால்வர் தலா 10 என 40க்கு மதிப்பெண் இடுவர். அம்மதிப்பெண் வரிசை, புள்ளிகளாக மாற்றப்படும். முதலிடம் பெற்ற இணைக்கு மிகுதியான புள்ளி, கடைசி இணைக்கு ஒரு புள்ளி. மக்கள் வாக்கு வரிசையும் அவ்வாறே புள்ளிகளாகும். இரண்டையும் கூட்டிக் கடைசி இடங்களில் நிற்கும் இரு இணைகள் மீண்டும் ஆட, நடுவர் ஒன்றைக் காப்பர். 2007இல் புகுந்த இந்த மறு ஆட்டம் 2010, 2011ஆம் ஆண்டுகளில் மட்டும் இல்லை. இறுதிச் சுற்றிலோ 2010 முதல் மக்கள் வாக்கே முடிவு செய்கிறது. நடுவர் மதிப்பெண் அன்று வெறும் வழிகாட்டி. ஆக, பருவம் முழுவதும் அறிஞர் தீர்ப்பும் மக்கள் தீர்ப்பும் சம எடை பெறுகின்றன, கடைசி நாளில் அறிஞர் விலகி நிற்கின்றனர். ‘வாக்களித்தோர் அறியாதோர்’ என்ற குற்றச்சாட்டு இவ்விடத்தில்தான் கூர்மை கொள்கிறது.

நகையும் அதன் நான்கு நிலைக்களன்களும்

அக்குற்றச்சாட்டுக்கு எப்போதும் காட்டப்படும் சான்று 2008ஆம் ஆண்டுப் பருவமாகும். அரசியல் செய்தியாளர் ஜான் சார்ஜென்ட், கிறிஸ்டினா ரிஹானாஃப் என்ற நடனக்காரரோடு ஆடினார். அவர் காலில் தாளம் நிற்கவில்லை. பாசோ டோப்ளே ஆடியபோது இணைவரைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தது இன்றும் நினைவுகூரப்படுகிறது. நடுவர் குறைந்த மதிப்பெண்ணே இட்டனர். மக்களோ வாரந்தோறும் அவரைக் காத்தனர். அவரினும் நன்றாக ஆடியோர் வெளியேறினர். நடுவர் வெளிப்படையாகவே சினந்தனர். நடுவர் சினக்குந்தோறும் மக்கள் வாக்கு அவர்பக்கம் திரண்டது போலவே தோன்றியது. தாமே வென்றுவிடக்கூடும் என்ற நிலை வந்தபோது, இந்த வேடிக்கை எல்லை கடந்துவிடும் என்று கூறி, அவ்வாண்டு நவம்பரில் சார்ஜென்ட் தாமாகவே விலகினார்.

2010இல் முன்னாள் அமைச்சர் ஆன் விட்டிகம் இதே பாதையில் நடந்தார். தம் அறுபதுகளில் இருந்த அவர், ஆன்டன் டு பெக் என்ற நடனக்காரரின் துணையுடன் பத்தாம் வாரம் வரை நிலைத்தார். அவர் ஆடினார் என்பதைவிட ஆட்டுவிக்கப்பட்டார் என்பதே பொருத்தம். அவ்வாண்டு மறு ஆட்டம் இன்மையால் நடுவர் அவரை விலக்க வழியும் இல்லாதிருந்தது.

இவ்விருவருக்கும் விழுந்த வாக்குகள் கலையை எள்ளிய வாக்குகளா? தொல்காப்பியம் நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. எள்ளல் என்பது பிறரை இகழ்ந்து சிரிக்கும் சிரிப்பு. பேதைமை அறியாமை பற்றியது. மடன் என்பதற்குப் பிறர் கூறியதை அப்படியே மேற்கொண்டு விடாதிருத்தல் என உரைகள் பொருள் காண்கின்றன. ஆசிரியர் சொன்ன அடியைக் கருத்தூன்றி வைத்தும் உடல் ஒத்துழையாத முதியவரிடம் தோன்றும் நகை பெரும்பாலும் பின்னிரண்டின்பாற் படும். நம்மில் ஒருவர் அம்மேடையில் ஏறினால் எவ்வாறு ஆடுவோமோ அவ்வாறே அவர் ஆடினார். அந்த ஒப்புமையே சிரிப்பைத் தந்தது, வாக்கையும் தந்தது. எள்ளல் ஒருவேளை இருந்திருப்பின் அது ஆடியவரை நோக்கியது அன்று, சினந்த நடுவரை நோக்கியது எனலாம்.

ஆயினும் நடுவரின் சினத்தையும் புறந்தள்ளுதல் இயலாது. வாரம் முழுதும் கால் வீங்கப் பயின்று வந்த ஒருவர், பயிற்சியில் பாதியும் காட்டாத ஒருவருக்காக வெளியேறுவது நீதியா என்பது அவர்கள் வினா. சார்ஜென்டின் விலகலும் அவ்வினாவை ஏற்றுக்கொண்டதன் அடையாளமே. நகை ஒருவரை மேடையில் நிறுத்தவல்லது. வாகை சூட்ட அது மட்டும் போதாது என்பதை ஆடியவரே உணர்ந்து சொன்னார்.

கணக்கு எதிர்பாராத அரையிறுதி

அதே 2008ஆம் ஆண்டு டிசம்பரில் மற்றொரு நிகழ்வு அறிஞர் தீர்ப்பின் எல்லையைக் காட்டிற்று. அரையிறுதியில் மூன்று இணைகள் எஞ்சியிருந்தன. நடிகர் டாம் சேம்பர்ஸ், பாடகி ரேச்சல் ஸ்டீவன்ஸ், தொகுப்பாளர் லிசா ஸ்னோடன் ஆகியோர் அவர்கள். நடுவர் மதிப்பெண்ணில் ரேச்சலும் லிசாவும் முதலிடத்தில் சமமாக நின்றனர். ஆதலால் இருவருக்கும் தலா மூன்று புள்ளி, டாமுக்கு ஒரு புள்ளி. இப்போது மக்கள் அனைவரும் டாமுக்கே வாக்களித்தாலும் அவர் பெறக்கூடியது மேலும் மூன்று, ஆக நான்கு. எஞ்சிய இருவருள் ஒருவர் ஐந்து புள்ளி பெறுவது உறுதி, மற்றவர் நான்கு பெறுவர். எவ்வகையிலும் டாம் மறு ஆட்டத்திலிருந்து தப்ப வழியில்லை. ஆனால் மக்கள் அதற்குள் கட்டணம் செலுத்தித் தொலைபேசியில் வாக்களித்துக்கொண்டிருந்தனர்.

நிகழ்ச்சியார் மூவரையும் இறுதிக்கு அனுப்பி, பதிவான வாக்குகளை இறுதிக்கு எடுத்துச் சென்றனர். இறுதியில் வென்றவர் டாம் சேம்பர்ஸே. நடுவர் வரிசையில் கடைசியாக நின்றவர் மக்கள் தீர்ப்பில் முதலானார். இதைச் சிலர் கலைக்கு நேர்ந்த குறையாகக் கொள்வர். ஆனால் அவர் ஆடத் தெரியாதவர் அல்லர். சார்ஜென்டுக்கு விழுந்த வாக்கையும் டாமுக்கு விழுந்த வாக்கையும் ‘மக்கள் விருப்பு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது திறனாய்வுக்கு ஏற்புடையது அன்று. முன்னது நகையின் வாக்கு, பின்னது வேறொரு மெய்ப்பாட்டின் வாக்கு.

ஆக்கம் கண்ட மருட்கை

அவ்வேறொரு மெய்ப்பாடு மருட்கை, அதாவது வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கும் மருட்கையின் நிலைக்களன்கள். இவற்றுள் ஆக்கம் என்பதற்கு ஒன்று திரிந்து வேறொன்றாதல் என உரைமரபு விளக்கம் தருகிறது. ‘ஸ்டிரிக்ட்லி’ பார்வையாளர் பெரிதும் போற்றுவது இந்த ஆக்கத்தையே. முதல் வாரம் தடுமாறியவர் பன்னிரண்டாம் வாரம் நிமிர்ந்து ஆடுவதைக் காணும்போது எழும் வியப்புக்கு அவர்கள் வாக்களிக்கின்றனர். நடுவர் அளப்பது அன்றைய மாலையின் ஒன்றரை நிமிட ஆடலை. பார்வையாளர் அளப்பது முதல் வாரத்துக்கும் இவ்வாரத்துக்கும் இடைப்பட்ட தொலைவை.

கிரிக்கெட் வீரர் டேரன் காஃப் 2005இலும், மார்க் ராம்பிரகாஷ் 2006இலும் வென்றனர். மைதானத்தில் மட்டும் அறியப்பட்ட உடல்கள் வால்ட்ஸின் மென்மையைப் பெற்றமையே அவ்வெற்றிகளின் சுவை. 2020இல் நகைச்சுவைக் கலைஞர் பில் பெய்லி 55 வயதில் வென்று, இப்போட்டியில் வாகை சூடியோருள் மூத்தவரானார். அவருடன் இறுதியில் ஆடியோர் இளையர், துடிப்பானவர். ஆனால் ஆக்கத்தின் தொலைவு பெய்லியிடமே மிகுதி. அவரிடம் முதலில் எதிர்பார்க்கப்பட்டது நகை. இறுதியில் அவர் தந்தது மருட்கை. சார்ஜென்ட் நகையிலேயே நின்றார், பெய்லி அதைக் கடந்தார் என்று இருவரையும் ஒப்பிடலாம்.

2018ஆம் ஆண்டு இறுதிச் சுற்று இதற்கு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. புஸ்ஸிகேட் டால்ஸ் குழுவின் ஆஷ்லி ராபர்ட்ஸ், ஸ்டெப்ஸ் குழுவின் ஃபே டோசர் ஆகிய இருவரும் மேடையில் ஆடிப் பழகியவர்கள், நடுவரிடம் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள். வென்றவரோ ஆவணப்பட இயக்குநரும் தொகுப்பாளருமான ஸ்டேசி டூலி. முன்பயிற்சி உடையோர் இப்போட்டியில் கலந்துகொள்வது முறையா என்ற விவாதம் ஆண்டுதோறும் எழுகிறது. நடுவர் அளவுகோலில் அது பொருளற்ற வினா. சிறந்த ஆடல் எங்கிருந்து வந்தாலும் சிறந்ததே. ஆக்கத்தை அளக்கும் பார்வையாளருக்கோ அதுவே தலையாய வினா. ஏற்கெனவே மலர்ந்ததைக் கண்டு மகிழலாம், மலர்தலைக் கண்டு வியக்க இயலாது. இதில் ஓர் அநீதியும் உண்டு. நன்றாக ஆடுவதே ஒருவருக்குக் குறையாகிவிடுகிறது. முதல் வாரமே 30 பெற்றவர், தாம் எவ்வளவு உழைத்தாலும் வளர்ந்ததாகக் காட்ட இடமின்றி நிற்கிறார்.

பெருமிதம்

தொல்காப்பியம் பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என நான்கு நிலைக்களன் கூறும். 2021இல் வென்ற நடிகை ரோஸ் எய்லிங்-எல்லிஸ் செவிப்புலன் இல்லாதவர். அவர்தம் ஆடல் ஒன்றின் நடுவில் இசை நின்றது. ஓசை அறவே இன்றி இருவரும் தொடர்ந்து ஆடினர், பின் இசை மீண்டது. செவிப்புலன் இல்லாதோர் உலகத்தை ஒரு நாடு முழுவதும் சில நொடிகள் கேட்டது. அக்காட்சிக்குப் பார்வையாளர் வாக்கினால் 2022ஆம் ஆண்டு பாஃப்டா விருதும் கிடைத்தது. 2024இல் பார்வைப்புலன் இல்லாத நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் மெக்காஸ்லண்ட், டயேன் பஸ்வெல்லுடன் ஆடி வென்றார். அவர்களுடைய ஆடல் ஒன்றில் விளக்குகள் அணைந்து சற்று நேரம் காண்போரும் இருளில் இருத்தப்பட்டனர்.

இவ்விரு வெற்றிகளையும் இரக்க வாக்கு என்று ஒதுக்குவாரும் உளர். இரக்கம் அழுகைச் சுவையின்பாற் படுவது. மக்கள் இவர்களுக்காக அழுதிருக்கலாம். ஆயினும் வாக்களிக்கத் தூண்டியது கல்வியும் தறுகண்ணும் பற்றிய பெருமிதமே. கண்டு கற்க வேண்டிய அடியைக் காணாது கற்றவரின் கல்வி அது. இவ்விருவரும் நடுவரிடமும் உயர்ந்த மதிப்பெண் பெற்றனர் என்பதையும் கருத வேண்டும். அறிஞர் தீர்ப்பும் மக்கள் தீர்ப்பும் நெருங்கி வந்த இப்பருவங்களே நிகழ்ச்சியின் வரலாற்றில் மிகுந்த மதிப்போடு பேசப்படுகின்றன.

மக்கள் தீர்ப்பின் குறைகள்

பார்வையாளர் தீர்ப்பைப் போற்றுவது அதன் குறைகளை மறைப்பதற்கு அன்று. மூன்று குறைகள் சுட்டத்தக்கன.

முதலாவது, மக்கள் தீர்ப்பு எவருக்கும் முழுமையாகத் தெரியாத ஒன்று. நடுவர் தம் மதிப்பெண்ணை அட்டையில் உயர்த்திக் காட்டிக் காரணமும் கூறவேண்டும். மக்கள் காரணம் கூறவேண்டியதில்லை. பெற்ற வாக்கு எண்ணிக்கையைப் பிபிசி வெளியிடுவதும் இல்லை. நாம் காண்பது விளைவை மட்டுமே.

இரண்டாவது, அம்மறைவில் ஓரவஞ்சனை ஒளியக்கூடும். கறுப்பினப் போட்டியாளர், குறிப்பாகப் பெண்கள், நல்ல மதிப்பெண் பெற்றும் கடைசி இருவருள் தள்ளப்படுகின்றனர் என்ற மனக்குறை பிரித்தானிய இதழ்களில் பலமுறை எழுந்துள்ளது. ஓரே ஒடூபா 2016இலும் ஹம்சா யாசின் 2022இலும் வென்றமையைக் காட்டி அதனை மறுப்போரும் உளர். எண்ணிக்கை வெளிவராதவரை இரு தரப்பும் ஐயத்தோடே நிற்க வேண்டும். ‘யாரிடம் ஆக்கம் கண்டு வியந்தோம்’ என்ற வினாவுக்குள் ‘யாரை நம்மவராகக் கண்டோம்’ என்ற வினா மறைந்திருக்கிறது. குடிபெயர்ந்து வாழும் நாம் இதனை எளிதாகக் கடந்துவிட இயலாது.

மூன்றாவது, ஆக்கத்தை விரும்பும் பார்வையாளர் அதன் விலையைக் காண்பதில்லை. சிரமப்பட்டுக் கற்றல் என்பது பார்வையாளருக்குச் சுவை. பயிற்சிக் கூடத்தில் இருப்பவருக்கு அது சிலவேளை துன்பம். பயிற்சியின்போது நடத்தப்பட்ட முறை பற்றி முறைப்பாடுகள் எழுந்ததை அடுத்து, 2024இல் பயிற்சிக் கூடங்களில் நிகழ்ச்சிக் குழுவினர் ஒருவர் எப்போதும் உடனிருப்பார் என்று பிபிசி அறிவித்தது. சனிக்கிழமை மாலை நாம் கைதட்டிய ஆக்கம் வாரநாள்களில் எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதும் திறனாய்வின் பொருளாதல் வேண்டும்.

நம் அரங்குகளுக்கு ஒரு வினா

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவர் அறிந்திருக்க வேண்டியவற்றை விரிவாக வகுக்கிறது, அரங்கின் அளவையும் கூறுகிறது. மாதவி தலைக்கோல் பெறுவதும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறுவதும் மன்னன் தீர்ப்பால். அங்கே அறிஞர் அளவுகோல் முழுமையாக உள்ளது. அவையில் அமர்ந்திருந்த மற்றவர் என்ன எண்ணினர் என்பது பதிவாகவில்லை.

இன்று இலண்டனிலும் பிற நகரங்களிலும் நடைபெறும் பரதநாட்டிய அரங்கேற்றங்களில் நிலை தலைகீழாக உள்ளது. மண்டபத்தில் இருப்போர் பெரும்பாலும் உறவினரும் நண்பரும். ஐந்து வயதில் தட்டுத் தடுமாறித் தட்டடவு பிடித்த பிள்ளை இன்று வர்ணம் ஆடுவதைக் கண்டு அவர்கள் கொள்ளும் மருட்கை ஆக்கத்தில் பிறந்தது, உண்மையானது. ‘ஸ்டிரிக்ட்லி’ பார்வையாளரின் மருட்கையும் இதுவும் ஒன்றே. ஆனால் அம்மேடையில் இரண்டாவது அளவுகோல் பொதுவில் பேசப்படுவதில்லை. பிரதம விருந்தினர் உரை பாராட்டுரையாகவே அமைகிறது. அரைமண்டி நிற்கவில்லை, அபிநயம் முகத்தோடு நின்றுவிட்டது என்ற கருத்துகள் வீடு திரும்பும் வழியில் காருக்குள் பேசி முடிக்கப்படுகின்றன. பிள்ளையின் உழைப்புக்கு மதிப்பளிக்கும் நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆனால் அதனால் அவையோர் ஆடலைப் பார்க்கக் கற்கும் வாய்ப்பை இழக்கின்றனர்.

பிரித்தானிய நிகழ்ச்சியில் கடுமையான மதிப்பெண்ணுக்குப் பெயர்போன நடுவர் கிரெய்க் ரெவல் ஹார்வுட் வாய் திறந்தவுடன் அரங்கம் கூச்சலிடும். அக்கூச்சல் ஒரு சடங்கு. ஆனால் கூச்சலிட்டவர்களே அவர் சொன்னதைக் கேட்டும் இருக்கின்றனர். தோள் உயர்ந்திருக்கக் கூடாது, வால்ட்ஸில் முன்னோக்கி நடக்கையில் குதிகால் முதலில் பதிய வேண்டும், இணையரிடையே இடைவெளி விழக்கூடாது என்பவற்றை ஆடல் பயிலாத குடும்பங்களும் இருபது ஆண்டுகளில் அறிந்துகொண்டன. அறிஞர் தீர்ப்பை மறுத்துக்கொண்டே அறிஞர் மொழியை மக்கள் கற்றனர் என்பதே இந்நிகழ்ச்சியின் பெரும்பயன்.

முடிவுரை

நடுவர் மதிப்பெண் ஆடலின் செம்மையை அளக்கிறது. மக்கள் வாக்கு ஆடுபவரின் ஆக்கத்தை அளக்கிறது, சிலவேளை நகையையும் சிலவேளை பெருமிதத்தையும் அளக்கிறது. இவற்றைத் ‘தகுதி’, ‘செல்வாக்கு’ என்ற எதிரிணையாகக் கொள்வதைக் காட்டிலும் இருவகைச் சுவையுணர்வாகக் கொள்வதே பொருத்தம். ஒன்று மற்றொன்றை வென்றுவிட்டால் நிகழ்ச்சி சுவை இழக்கும். நடுவர் மட்டும் தீர்ப்பளித்த பழைய ‘கம் டான்சிங்’ 1998இல் முடிவுற்றதையும், நகை மட்டும் தீர்ப்பளிக்கும் அச்சம் எழுந்தபோது 2008இல் ஆடியவரே விலகியதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம்.

நம் புலம்பெயர் அரங்குகளுக்கு மதிப்பெண் அட்டை வேண்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டு பயின்ற பிள்ளைக்கு ஏழு என்றோ எட்டு என்றோ அட்டை உயர்த்துவது பண்பும் அன்று. ஆனால் பாராட்டுரைகளுள் ஒன்றாவது அன்றைய ஆடலில் எது செம்மையாக அமைந்தது, எது இன்னும் பயிற்சி வேண்டி நிற்கிறது என்பதைக் காரணத்தோடு கூறுவதாக அமையலாம். குருவே அதைச் செய்யலாம், மூத்த கலைஞர் ஒருவரும் செய்யலாம். அவை அதனை ஏற்காது முணுமுணுக்கவும் கூடும். அந்த முணுமுணுப்பு காருக்குள் அடங்காமல் மண்டபத்திலேயே கேட்கத் தொடங்கினால், நம்மிடையேயும் ஆடல் பற்றிய திறனாய்வு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.